யுரேனஸின் வளையங்களும் காவலூர் இரவும்

ஜவளகிரியில் என் வீட்டு முற்றத்தில் நின்று நோக்கினால், ஓசூர்ப் பக்கத்து வானம் ஆலை விளக்குகளால் வெளுத்துத் தோன்றும். காட்டுப் பக்கத்து வானமோ இன்னும் கருமை மாறாதிருக்கிறது. அக்கரிய வானில், கூரிய கண்ணுடையார்க்கு மட்டும் மங்கிய புள்ளியாகத் தென்படுவது யுரேனஸ். நெப்டியூனோ வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதே இல்லை.

இவ்விரண்டையும் பனிப் பெருங்கோள்கள் என்பர். பெயரைக் கேட்டு உறைந்த பனிக்கட்டி உருண்டைகள் என்று கருதிவிடாதீர்கள். நீர், அம்மோனியா, மீத்தேன் ஆகியவை பேரழுத்தத்தில் வெம்மையும் செறிவும் மிக்க பாய்மமாக உள்ளே நிறைந்துள்ளன. மேலுள்ள வாயுவில் கலந்த மீத்தேன் செந்நிற ஒளியை உறிஞ்சிவிடுவதால் நீலம் நமக்குத் தெரிகிறது. யுரேனஸ் சூரியனை ஒருமுறை சுற்ற 84 ஆண்டுகள் ஆகும். 1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டது முதல் இன்றுவரை அது மூன்று சுற்றுகளை முடிக்கவில்லை! நெப்டியூனுக்கு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 165 ஆண்டுகள்.

இத்தொலைக் கோளின் வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1977 மார்ச் 10ஆம் நாள் இரவு, யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னே கடந்து செல்லவிருந்தது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வு நிலையத்தில், ஒரு மீட்டர் தொலைநோக்கியின் வழியே ஜே. சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அவ்விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தனர். கோளின் வட்டுக்கு வெளியே இருந்தபோதே ஒளி சில வினாடிகள் மங்கி, மீண்டும் தெளிந்தது. இடையில் மறைத்தது யாது? புதியதொரு துணைக்கோளாகலாம் என்று அவர்கள் கருதினர்.

அதே இரவில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே விமானத்தில் பறந்த அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் எலியட் குழுவினர், கோளின் இருபுறமும் ஒத்த தொலைவுகளில் பன்முறை ஒளி மங்கியதைப் பதிவு செய்தனர். ஒரு துணைக்கோள் ஒரே சமயத்தில் இருபுறமும் நிற்க இயலுமா? ஆகவே அவை வளையங்கள் எனத் துணிந்தனர். காவலூர்ப் பதிவும் அவ்வளையங்களுக்குச் சான்றாயிற்று. அளவு மாறவில்லை, அதன் பொருளே மாறியது.

இங்கே என் பிழை ஒன்றையும் கூற வேண்டும். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், பள்ளியில் மனனம் செய்ததை அப்படியே ஒப்பித்தேன்: "வளையம் உடையது சனி ஒன்றே." ஒரு மாணவி எழுந்து, "ஐயா, யுரேனஸுக்கும் உண்டென்று வானொலியில் கேட்டேன்" என்றாள். உட்காரச் சொல்லிவிட்டேன். அன்று மாலை நூலகத்தில் தேடியபோது அவள் சொன்னதே உண்மையெனக் கண்டேன். மறுநாள் வகுப்பறையில், அனைவர் முன்னிலையிலும் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அதன்பின் அவ்வகுப்பில் கேள்விகள் பெருகினவேயன்றிக் குறையவில்லை.

பின்னர் 1979இல் வியாழனுக்கு வளையம் உண்டெனத் தெரிந்தது. 1989இல் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனின் வளையங்களையும் உறுதிப்படுத்தியது. 1986இல் யுரேனஸை அணுகிய கலமும் அதுவே. இன்றுவரை வேறெந்தக் கலமும் அவ்விரு கோள்களையும் நெருங்கியதில்லை. அங்கே அறிய வேண்டியவை மிகுதி. நண்பர்களே, பாடநூலை நன்கு படியுங்கள். ஐயம் எழுந்தால் எழுந்து நின்று கேளுங்கள். உங்கள் ஆசிரியரும் அதனால் கற்பார்.