வீட்டு வண்டி வேண்டாம்... ஏரல் பஸ் போதும்!

வீடு நகருமா?

நகரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நகர்கிறது. அந்த வீட்டுக்குச் சக்கரம் உண்டு. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். கோடை வந்துவிட்டால் குடும்பத்தோடு அதில் ஏறிக் கடற்கரை ஊர்களைச் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். பிடித்த இடத்தில் நிறுத்துவார்கள். அங்கேயே சமைப்பார்கள், அங்கேயே உறங்குவார்கள். ஜெர்மனியில் 1950-களிலேயே வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தி விற்றார்கள். நம் பக்கத்தில் உள்ள கேரளாவும் 2021-ல் இப்படிப்பட்ட வண்டிகளுக்காக ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது.

சரி. ஏரலில் இருக்கும் ஒரு குடும்பம் என்ன செய்யும்? வீட்டு வண்டிக்கு வாடகை கொடுக்க அவர்களால் முடியுமா?

முடியாது. ஆனால் ஏரலில் பஸ் இருக்கிறது!

அப்பா, அம்மா, ஆச்சி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு தூக்குச்சட்டியில் புளிச்சோறு. ஒரு பையில் மாற்றுத் துணி. இரண்டு நாள் பயணம். இவர்கள் பார்க்கப்போவதை, பணத்தைக் கொட்டி வெளிநாடு போகிறவர்கள்கூடப் பார்க்க முடியாது.

ஏன் என்றால், இங்கே கடலே இடம் மாறியிருக்கிறது!

கடல் எங்கே?

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணியின் வடகரையில் இருக்கிறது ஏரல். ஆற்றங்கரையில் அருணாசல சுவாமி கோவில். "சேர்மன் கோவில்" என்றும் சொல்வார்கள். இந்த ஊருக்குச் சேர்மனாக இருந்தவரையே மக்கள் சாமியாகக் கும்பிடுகிறார்கள். 1908-ம் ஆண்டு ஆடி அமாவாசை அன்று அவர் மறைந்தார். அதனால் ஆடி அமாவாசைக்கு இங்கே பெருங்கூட்டம். பதவியில் இருந்தவர்களைத் திட்டுவதுதான் உலக வழக்கம். ஏரல் அதற்கு விலக்கு!

சேர்மன் சாமியைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினால் முதலில் கொற்கை.

வழியெல்லாம் வாழைத் தோட்டம், வயல், வாய்க்கால். பஸ்சை விட்டு இறங்கினால் ஒரு குளம். குளத்துக்குள் ஒரு அம்மன் கோவில். அமைதியான சின்னக் கிராமம். அவ்வளவுதான்.

"ஏலே, கடலு எங்கே இருக்கு?" என்று ஆச்சி கேட்பாள்.

"தள்ளிப் போயிட்டு, ஆச்சி" என்பான் பேரன்.

அவன் சொல்வது உண்மை. கொற்கைதான் பாண்டியர்களின் துறைமுகம். முத்துக்குப் பேர்போன ஊர். சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த கடல் வழிக் குறிப்பில் இந்த ஊரின் பெயர் இருக்கிறது. மரண தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு இங்கே முத்துக் குளித்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். எங்கேயோ பிறந்த ரோமாபுரிச் சீமாட்டியின் கழுத்தில் கிடந்த முத்து, இந்தக் கடலில் உயிரைப் பணயம் வைத்து எடுத்ததாக இருக்கலாம்!

1968-69-ல் தமிழக அரசின் தொல்பொருள் துறையினர் கொற்கையில் தோண்டிப் பார்த்தார்கள். அங்கே கிடைத்த கரித்துண்டைச் சோதித்ததில் கி.மு. 785-ஐ ஒட்டிய காலம் என்று தெரிந்தது. 2021-லும் தோண்டினார்கள்.

அந்தத் துறைமுகத்தில் இருந்து கடல் இன்று சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடலைத் தள்ளியது யார்? ஏரல் வழியாகப் போகும் இதே தாமிரபரணிதான். வெள்ளத்துக்கு வெள்ளம் மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. கரை நீண்டது. கப்பல் வர முடியவில்லை. வியாபாரிகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கடலைத் தேடிப் போனார்கள்.

எங்கே போனார்கள்? காயலுக்கு.

குதிரை இறங்கிய ஊர்

தூத்துக்குடி - திருச்செந்தூர் பஸ்சில் போகும்போது பழையகாயல் என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். பெரும்பாலானவர்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வெனிஸ் நகரத்து மார்க்கோபோலோ சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பு புகழ்ந்து எழுதிய துறைமுகம் அது! அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கின. பாண்டிய மன்னர்கள் பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கினார்கள். கால்டுவெல் 19-ம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆராய்ந்தபோது சீனப் பானை ஓடுகளும் அரபு நாட்டு ஓடுகளும் மண்ணில் கிடந்தன.

அந்தக் காயலையும் மண் விடவில்லை. கடல் மறுபடியும் விலகியது.

முக்காணியில் ஆற்றைத் தாண்டினால் ஆத்தூர். இந்த ஊர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சி இங்கே ஒரு கவுளி வாங்காமல் நகர மாட்டாள்.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். பொதிகை மலையில் பிறந்த ஆறு, தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் சேருகிறது. மீன் வலைகளுக்கும் படகுகளுக்கும் நடுவே நிற்கும் இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1586-ல் 'அடியார் வரலாறு' என்ற தமிழ்ப் புத்தகம் இங்கே அச்சாயிற்று. அண்டிரிக் அடிகளார் என்று தமிழர்கள் அழைத்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அதை எழுதினார். தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்து அச்சடித்த மிகப் பழைய புத்தகங்களில் அது ஒன்று. இன்று நீங்கள் புத்தகம் படிக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பழக்கத்துக்கு இந்த மீனவர் ஊரும் ஒரு பிள்ளையார் சுழி போட்டிருக்கிறது.

அடுத்தது காயல்பட்டினம். பழமையான பள்ளிவாசல்களும் குளிர்ந்த சந்துகளும் உள்ள ஊர். மாலைக்குள் திருச்செந்தூர் போய்ச் சேரலாம். இரவு தங்க அங்கே விடுதிகள் இருக்கின்றன.

உப்புக் கடல் அருகே நல்ல தண்ணீர்

திருச்செந்தூரைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முருகனின் ஆறு படைவீடுகளில் கடலோரம் இருப்பது இது ஒன்றுதான். பிள்ளைகளுக்கு ஆச்சரியம் தருவது நாழிக்கிணறு. கூப்பிடு தூரத்தில் அலை அடிக்கிறது. அந்தத் தண்ணீர் உப்பு. கிணற்றுத் தண்ணீரோ குடிக்கலாம்!

எப்படி? மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது. அதனால் அது உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டி அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு.

மறுநாள் காலை தெற்கே போகும் பஸ். வலப்பக்கம் பாருங்கள். செக்கச்செவேல் என்று மணல்! தேரிக்காடு என்பார்கள். மணலில் இரும்புச் சத்து படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. அந்தத் தேரிக்குள்ளும் ஒரு சுனை இருக்கிறது. அதன் கரையில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வத்தைத் தேடி எங்கெங்கோ இருந்து குடும்பங்கள் வந்து குவியும். வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் செருப்பு இல்லாமல் தேரி மணலை மிதித்தால் கால் வெந்துவிடும்.

குலசேகரப்பட்டினத்தில் தசரா வேஷங்களைப் பார்க்கப் புரட்டாசி வரை காத்திருக்க வேண்டும். அதன் அருகே ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? இங்கிருந்து நேர் தெற்கே கடல்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து தெற்கே ஏவும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போகவேண்டும். அதனால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

மணப்பாட்டில் மட்டும் அவசரப்படாதீர்கள். கடலுக்குள் மூக்கை நீட்டியது போல ஒரு மணல் குன்று. குன்றின் மேல் 1581-ல் எழுந்த திருச்சிலுவைக் கோவில். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கிய குகையும் அங்கே இருக்கிறது. மேலே நின்றால் ஒரு பக்கம் அலை சீறுகிறது. மறுபக்கம் தண்ணீர் குளம் போல அடங்கிக் கிடக்கிறது. கொற்கையில் கடலைத் தேடிய ஆச்சிக்கு இங்கே மூன்று பக்கமும் கடல்!

கட்டுச்சோற்றைப் பிரிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

திரும்பும் வழியில் உடன்குடி. கருப்பட்டிக்குப் பெயர் பெற்ற ஊர். கோடையில் பனைமரம் கொடுக்கிற காலம். ரோட்டோரத்தில் நுங்கும் பதநீரும் கிடைக்கும். பனையேறும் தொழிலாளி விடியுமுன் ஏறி இறக்கிய பதநீர் அது. பேரம் பேசாமல் வாங்குங்கள்.

பஸ் நின்ற நாள்

இந்தச் சீமைக்கும் பஸ்சுக்கும் பழைய உறவு. நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார்தான் 1912-ல் பஸ் தொழிலில் இறங்கிப் புகழ் பெற்றவர். 1974-ல் நெல்லையில் அரசின் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 2021 மே மாதம் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற உத்தரவு வந்தது. "டிக்கெட்டுக்குக் காசு கொடு" என்று மகனிடம் கேட்கக் கூசி வீட்டிலேயே இருந்த எத்தனையோ ஆச்சிகள் அதன் பிறகு வாசலைத் தாண்டினார்கள்.

பஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதையும் ஏரல் பார்த்துவிட்டது.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை! தாமிரபரணி கரை புரண்டது. ஏரல் கடைவீதிக்குள் வெள்ளம் பாய்ந்தது. கடைகளில் இருந்த சரக்கு எல்லாம் சேறாயிற்று. ஏரலைத் தென்கரையோடு இணைக்கும் பாலத்துச் சாலையை வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. ஊர் துண்டிக்கப்பட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியும் வேலையும் உறவும் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டவில்லை. கொற்கையில் இருந்து கடலைத் தள்ளிய அதே ஆறு, அன்று ஏரலைத் தனியாக நிறுத்தியது.

மணப்பாட்டில் இருந்து திரும்பும் குடும்பமும் அந்த ஆற்றைத் தாண்டித்தான் வீடு போக வேண்டும். குரும்பூர் தாண்டியதும் வாழை வாசனை வரும். சின்னவன் அம்மா மடியில் தூங்கிவிடுவான். ஆற்றைக் கடக்கும்போது ஆச்சி மட்டும் ஜன்னல் வழியாகக் கைகூப்புவாள்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று திருச்செந்தூரில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா நாட்களில் கூட்டம் அதிகமாக இருக்கும்.