ஹோகவெய்க்

ஹோகவெய்க் என்பது நெதர்லாந்து நாட்டின் வேஸ்ப் நகரில் அமைந்துள்ள, கடுமையான மறதிநோய் உடையவர்களுக்கான குடியிருப்பு ஆகும். குடும்பத்தினர் வீட்டில் வைத்துப் பராமரிக்க இயலாத நிலையை அடைந்தோர் இங்கு வாழ்கின்றனர். வேஸ்ப் 2022 இல் ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

தோற்றம்

முன்னர் இங்கு வழக்கமான பராமரிப்பு இல்லம் ஒன்று இயங்கியது. தம் பெற்றோரை இத்தகைய இல்லத்தில் சேர்க்கத் தமக்கே மனம் வராது என்பதை அதன் பணியாளர்கள் 1990களின் தொடக்கத்தில் உணர்ந்தனர். இவர்களுள் இவோன் வான் அமெரோங்கன் குறிப்பிடத்தக்கவர். அப்போது தொடங்கிய மாற்றங்களின் தொடர்ச்சியாகப் புதிய குடியிருப்பு 2009 இல் திறக்கப்பட்டது.

அமைப்பு

ஒத்த வாழ்க்கைமுறை கொண்ட ஆறு அல்லது ஏழு பேர் ஒரு வீட்டில் வாழ்கின்றனர். உணவு அந்தந்த வீட்டிலேயே சமைக்கப்படுகிறது. பணியாளர்கள் சீருடை அணிவதில்லை. தெருக்கள், தோட்டங்கள், பல்பொருள் அங்காடி, உணவகம், அரங்கம் ஆகியன உள்ளன. குடியிருப்போர் இவற்றிடையே விருப்பம்போல் உலவலாம். எனினும் வெளிவாயில் கண்காணிக்கப்படுகிறது.

விமர்சனங்கள்

நோயாளிகளைப் போலியான உலகில் வைத்து ஏமாற்றுவதாக இதன்மீது குறை கூறப்படுவதுண்டு. அங்காடியில் வாங்கும் பொருளே வீட்டில் சமைக்கப்படுகிறது, உணவகத்திற்கு வெளியாரும் வருகின்றனர், ஆதலால் இங்கு எதுவும் போலியன்று என்பது இதனை நடத்துவோரின் மறுமொழியாகும்.