தட்டிப் பார்த்தால் தெரியும் பூமியின் ஆழம்



பலாப்பழம் பழுத்ததா என்று அறிய நாம் விரலால் தட்டிப் பார்க்கிறோம். காயின் ஓசை வேறு, பழத்தின் ஓசை வேறு. நம் காலடியில் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதையும் விஞ்ஞானிகள் ஏறக்குறைய இப்படித்தான் அறிந்தார்கள்.

தோண்டிப் பார்க்கலாமே என்பீர்கள். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் பல ஆண்டுகள் துளையிட்டார்கள். 1989-இல் 12 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டினார்கள்; அதற்குமேல் வெப்பம் விடவில்லை.

ஆகவே தட்டத்தான் வேண்டும். தட்டுவது பூகம்பம். சுமத்திராவில் பெரிய பூகம்பம் நேர்ந்தால் பினாங்கில்கூட மாடி வீடுகள் ஆடுகின்றன அல்லவா? அந்த அதிர்வில் ஒரு பங்கு பூமிக்குள்ளும் இறங்குகிறது. அதில் இரண்டு வகை உண்டு. வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையைத் தள்ளினால் அந்தத் தள்ளல் முன்வரிசை வரை போகுமே, அதுபோன்றது நெட்டலை. கயிற்றை உதறினால் நெளிவது போன்றது குறுக்கலை. நெட்டலை கல்லிலும் திரவத்திலும் செல்லும். குறுக்கலை திரவத்தில் செல்லாது.

பூகம்பம் நடந்த இடத்திற்கு எதிர்ப்புறத்தில் இருந்த கருவிகளுக்குக் குறுக்கலை நேராக வந்து சேரவில்லை. நடுவில் உருகிய இரும்புக் கடல் இருப்பது இவ்வாறு தெரிந்தது. அதன் விளிம்பு எவ்வளவு ஆழத்தில் என்பதைப் பெனோ குட்டன்பர்க் என்ற ஜெர்மானியர் 1913-இல் கணக்கிட்டார். இன்றைய அளவும் அதற்கு மிக நெருக்கம். காகிதமும் பென்சிலும் கொண்டு செய்த வேலை!

அந்த விளிம்பு சமமான தரை அன்று. பாப்புவா நியூகினிப் பக்கம் நேர்ந்த பூகம்பத்தின் குறுக்கலைகள் இரும்புக் கடலின் ஓரத்தை ஒட்டி ஊர்ந்து அமெரிக்காவிலுள்ள கருவிகளை அடைந்தன. முதல் அலைக்குப் பின், தாமதமாக இன்னொன்றும் வந்தது. செம்மண் சாலையில் வந்தவனும் சேற்றில் இறங்கி வந்தவனும் ஒரே நேரத்தில் வீடு சேர முடியுமா? ஹவாய்த் தீவுகளின் கீழே அப்படியொரு 'சேறு' இருப்பதாகச் சான்னி கோட்டாரும் பார்பரா ரோமனோவிச்சும் 2012-இல் காட்டினார்கள். அகலம் சுமார் 900 கிலோமீட்டர், உயரம் 20 கிலோமீட்டர். அலையின் வேகம் அங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

சேறு என்று நான் சொன்னது பேச்சுக்குத்தான். அது பாதி உருகிய பாறை என்கிறார்கள் சிலர்; இரும்பு மிகுந்த பாறை என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் கலந்திருந்தாலும் வியப்பில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு? அந்த இரும்புக் கடல் புரள்வதால்தான் திசைகாட்டியின் முள் வடக்கைக் காட்டுகிறது. கடல் புரள வேண்டுமானால் அதன் வெப்பம் மேலே வெளியேற வேண்டும். எங்கே விரைவாக, எங்கே மெதுவாக வெளியேறுகிறது என்பதை மேலே மூடிக் கிடக்கும் இந்தப் பாறைதான் தீர்மானிக்கிறது.