புதிய மண்ணில் யாரிடம் கேட்பது?

ஊரை விட்டு வந்து வேறிடத்தில் பயிர் செய்யத் தொடங்கும் விவசாயிக்கு மண் புதிது, மழை புதிது, சுற்றியுள்ள மரஞ்செடிகளும் புதியவை. இந்த மண்ணை அறிந்தவர் யார்? அவரிடம் எப்படிக் கற்பது? இக்கேள்விகளுக்கு விடை தேட உதவும் ஓர் ஆய்வைப் பற்றி இங்கு பார்ப்போம்.

ஆய்வை முன்னின்று நடத்தியவர் ஸ்கொட் அட்ரான் என்னும் மானிடவியலாளர். 1952இல் நியூயோர்க்கில் பிறந்த இவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். இளமையில் புகழ்பெற்ற மானிடவியலாளரான மார்கிரட் மீட் அம்மையாரிடம் உதவியாளராக இருந்தார். பின்னர் பாரிஸிலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் பணியாற்றினார். மரஞ்செடிகளையும் விலங்குகளையும் மனிதர் எவ்வாறு வகைப்படுத்தி விளங்கிக்கொள்கின்றனர் என்பதே அவரது நீண்டகாலத் தேடல். 1990இல் இதுபற்றி ஒரு நூலை வெளியிட்டார். அத்தேடலே அவரை மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டின் பெத்தென் காட்டுப் பிரதேசத்துக்கு அழைத்துச் சென்றது. உளவியலாளர் டக்ளஸ் மெடினும் வேறு சிலரும் அவரோடு இணைந்தனர்.

அங்கே மூன்று சமூகத்தினர் அருகருகே வாழ்ந்தனர். இற்சா மாயா மக்கள் அம்மண்ணின் பழங்குடிகள். 1697 வரை ஸ்பானியருக்கு அடிபணியாதிருந்தவர்கள். லதீனோ மக்கள் ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகள். கெக்சி மாயா மக்கள் தெற்கே மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். கெக்சிகளின் மலைநாட்டுக் காணிகளில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் போய்விட்டது. 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரும் அவர்களில் பலரை இடம்பெயரச் செய்தது.

மூன்று சமூகத்தினரும் எமது சேனைப் பயிர்ச்செய்கையைப் போலவே காட்டை வெட்டி, எரித்து, சோளன் விதைப்பவர்கள். ஆய்வாளர்கள் அவர்களது காணிகளை அளந்தனர், மரங்களை எண்ணினர், மண்ணைச் சோதித்தனர். 1999இல் வெளியான முடிவு பலரை வியக்கவைத்தது. கட்டுக்கோப்பான சமூக அமைப்பு உள்ள இடத்தில் காடு காக்கப்படும் என்பதே பொதுவான எண்ணம். ஆனால் அத்தகைய அமைப்பு வலுவாக இருந்த கெக்சிகளே காட்டைக் கூடுதலாக அழித்தனர். கூட்டமைப்புகள் குறைந்த இற்சாக்கள் காட்டைப் பேணினர். லதீனோக்கள் இற்சாக்களை நெருங்கி நின்றனர்.

இதற்குக் காரணம் என்ன? எந்த விலங்கு எந்த மரத்துக்கு நன்மை அல்லது தீமை செய்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டனர். மரங்கள் விலங்குகளுக்கு உதவுவதையே கெக்சிகள் பெரும்பாலும் கூறினர். இற்சாக்களோ விலங்குகள் மரங்களுக்குச் செய்யும் உதவியையும் விரிவாகச் சொன்னார்கள். விதை மென்மையாக இருந்து விலங்கு அதைக் கடித்து நொறுக்கினால் மரத்துக்குத் தீமை, விதை கடினமாக இருந்து உடல்வழி வெளியேறினால், அது எச்சத்தோடு வேறிடத்தில் விழுந்து முளைக்கும், அது நன்மை. காட்டுக்குக் காவல் தெய்வங்கள் உண்டு என்பதும் இற்சாக்களின் நம்பிக்கை. அத்தெய்வங்கள் விரும்புவதாக அவர்கள் கருதிய மரங்களே அவர்களது காணிகளில் கூடுதலாகக் காக்கப்பட்டிருந்தன.

காட்டைப் பற்றி யாரிடம் கேட்பீர்கள் என்ற கேள்விக்கு லதீனோக்கள் இற்சா முதியவர்களைக் குறிப்பிட்டனர். எவரும் அவர்களுக்கு வகுப்பு நடத்தவில்லை. இற்சாக்கள் செய்வதைப் பார்த்தும், அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுமே கற்றுக்கொண்டனர். கெக்சிகளோ வெளியிலிருந்து வந்த நிறுவனங்களைக் குறிப்பிட்டனர். அவர்களது புனித மலைகளும் விட்டுவந்த ஊரிலேயே இருந்தன.

கெக்சிகளை அறியாதவர்கள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. மலைநாட்டில் அவர்களுக்கு அந்நாட்டுக்கு ஏற்ற அறிவு இருந்தது. இடம்பெயர்ந்த துயரத்தில் அவர்களைத் தாங்கி நின்றது அவர்களது ஒற்றுமையே. ஆனால் அதே ஒற்றுமை தம் வட்டத்துக்குள்ளேயே நின்றதால், அயலவரின் அறிவு உள்ளே வர வழி குறைந்தது.

அட்ரானும் மெடினும் தமது ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் நூலாக வெளியிட்டனர். இற்சா மொழியைப் பேசுவோர் இன்று ஒரு சில முதியவர்களே. அவர்களிடம் கேட்டறியாதவை அவர்களோடு மறைந்துபோகும்.

ஆகவே புதிய இடத்தில் காணி துப்புரவாக்கும் முன், அங்கு நெடுங்காலம் பயிர் செய்த ஒருவரைத் தேடிச் செல்வோம். எந்த மரத்தை அவர் வெட்டாமல் விடுகிறார், ஏன் விடுகிறார் என்று கேட்போம். ஒரு பருவம் அவரோடு வயலில் நின்று பார்ப்போம். எமது ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த அறிவை அவரோடு பகிர்ந்துகொள்வோம்.