காற்புள்ளி செய்யும் மாயம்

ஒரு பெட்டியின் மேல் ‘1,250 கிலோகிராம்’ என்று அச்சிடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதைப் படிக்கும் நீங்கள், ‘ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோவா! இதை ஏற்ற லாரி அல்லவா வேண்டும்!’ என்று மலைப்பீர்கள். போலந்து நாட்டு மாணவனோ பெட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவனுக்கு அது வெறும் ஒன்றேகால் கிலோ! இலக்கங்கள் நான்கும் அவைதாம்; பொருளோ ஆயிரம் மடங்கு வேறுபடுகிறது. இந்த மாயத்தைச் செய்தது எது? நடுவில் நிற்கும் காற்புள்ளிதான்.

நாம் முழு எண்ணையும் பின்னத்தையும் புள்ளியால் பிரிக்கிறோம். போலந்தில் அந்த வேலையைச் செய்வது காற்புள்ளி. ஆயிரங்களைப் பிரிக்க அங்கே சிறு இடைவெளி விடுவார்கள். நாம் 12,345.60 என்று எழுதும் தொகை அங்கே 12 345,60 ஆகிவிடும்.

இவற்றுள் எது சரி? எடைகள், அளவைகள் பற்றிய பன்னாட்டுப் பொது மாநாடு 1948-இல் இதை ஆராய்ந்தது. நீண்ட எண்களை மும்மூன்று இலக்கங்களாகப் பிரிக்க இடைவெளி விடலாம். புள்ளியோ காற்புள்ளியோ இடக்கூடாது என்றது. பின்னக் குறியாகப் புள்ளி, காற்புள்ளி இரண்டில் எதையும் கொள்ளலாம் என்று 2003-இல் அதே மாநாடு தெளிவாக்கியது. ஆகவே, அறிவியல் எழுத்தைப் பொறுத்தவரை போலந்து முறையில் குற்றமில்லை. ஆயிரத்துக்குக் காற்புள்ளி இடும் நாம்தாம் சற்று யோசிக்க வேண்டும்!

இனிப் பணத்தைக் காண்போம். போலந்தின் நாணயம் ‘ஸ்வோத்தி’. ‘பொன்னாலானது’ என்பது இச்சொல்லின் பொருள். 100 குரோஷ் சேர்ந்தது ஒரு ஸ்வோத்தி. நாணயத்தின் பெயர் எண்ணுக்குப் பின்னால் வரும். தமிழில் ‘ஒரு ரூபாய்’, ‘ஐந்து ரூபாய்’ என்கிறோம்; ‘ரூபாய்’ மாறுவதில்லை. போலிஷ் மொழியில் மாறும். 1 ஸ்வோத்தி, 2, 3, 4 என்றால் ஸ்வோத்தே, 5 முதல் 21 வரை ஸ்வோத்திஹ், 22 வந்தால் மீண்டும் ஸ்வோத்தே! இரண்டரை என்றால் ஸ்வோத்தேகோ. ‘ஒன்று என்றால் ஒருமை, மற்றவை பன்மை’ என்று கணிப்பொறிக்குச் சொல்லிக்கொடுத்தால், அது அச்சிடும் ரசீதில் பிழை மலியும்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. போலந்தின் புகழ்பெற்ற அரசியல் சட்டம் நிறைவேறிய நாள் 3.5.1791. அங்கும் நம்மைப் போலவே நாள், மாதம், ஆண்டு என்பதே வரிசை. ஆகவே அது மே 3. ஆனால் மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்கர் அதை மார்ச் 5 என்று படித்துவிடக்கூடும். இக்குழப்பத்துக்கு இடம் தராத வழக்கம் ஒன்று போலந்தில் உண்டு. மாதத்தை மட்டும் ரோமானிய எண்ணால் எழுதுவது அது. அப்போது நடுவே புள்ளிகள் வேண்டியதில்லை. மாதத்தின் பெயரையே எழுதினால், ‘மே மாதத்தின்’ என்பதுபோல வேற்றுமை உருபு ஏற்றுத்தான் அப்பெயர் வரும். நவம்பருக்கு அவர்கள் இட்ட பெயர் லிஸ்தோபாத். ‘இலையுதிர்வு’ என்று பொருள். தேதியில் அது ‘லிஸ்தோபாதா’ ஆகும்.

பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு 1988-இல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை வகுத்தது. அதன்படி 1791-05-03 என்று எழுதினால் எந்த நாட்டவருக்கும் ஐயம் எழாது.

தேதியைப் பார்க்காமல் தொகையைப் படித்தாலும் ஏமாறலாம். போலந்தில் கடும் பணவீக்கத்துக்குப் பின், 1995 ஜனவரி 1 அன்று 10 000 பழைய ஸ்வோத்தி ஒரு புதிய ஸ்வோத்தி ஆக்கப்பட்டது. அதற்குமுன் அங்கே 20 இலட்சம் ஸ்வோத்தி நோட்டுகூட இருந்தது. புதிய கணக்கில் அதன் மதிப்பு என்ன? நீங்களே வகுத்துப் பாருங்கள்: வெறும் 200!

ஆய்வுக்கூடத்தில் அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் குறைப்பது ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இலக்கங்கள் பாதிச் செய்தியைத்தான் சொல்லும். எந்த அலகு, எந்த வழக்கம், எந்தக் காலம் என்பவை சேர்ந்தால்தான் செய்தி முழுமை பெறும்.