விசைப்படகு எஞ்சினின் கூலர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பட்டினப்பாக்கத்து ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகும்; காசிமேட்டு விசைப்படகுகள் துறைமுகத்திலேயே நிற்கும். கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்ய இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. தண்ணீர்தான் நன்றாக வெளியே கொட்டுகிறதே, எதற்குப் பிரிப்பது என்று கேட்பார்கள். தண்ணீர் கொட்டுவதாலேயே சூடு இறங்குகிறது என்று ஆகிவிடாது. குழாய்க்குள் கடல்நீர், வெளியே எஞ்சினைச் சுற்றிவரும் நன்னீர். நடுவில் மெல்லிய செப்புக்கலவைச் சுவர் மட்டுமே. அதில் படியும் சுண்ணாம்புக் காறை, உலோகத்தைவிடப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும்.

காறையைக் கரைக்க ஊற்றும் அமிலம் குழாயையும் அரித்துவிடுமே என்ற அச்சம் நியாயமானது. நீர்த்த அமிலத்தை நுரை அடங்கும்வரை மட்டும் விட்டு, நன்னீரில் நன்கு அலசினால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். இரும்புக் கம்பியால் குத்துவதுதான் பெரிய கேடு. குழாயைக் காக்கக் கூலரில் பொருத்திய துத்தநாகத் துண்டு குழிவிழுந்து கரைந்திருப்பதையும் பாருங்கள்: குழாயை விட்டுவிட்டு உப்புநீர் தின்றது இதைத்தான். பாதி கரைந்ததுமே மாற்றிவிட வேண்டும்.