உங்களுக்குத் தெரியுமா? கருக்கலைப்பு மாத்திரை என்பது ஒரு மருந்தல்ல, இரண்டு மருந்துகள்!

முதலில் மிஃபிப்ரிஸ்டோன் 200 மி.கி. கருவைத் தக்கவைக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் வேலையை இது தடுக்கிறது. ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். கருப்பை சுருங்கி, வலியும் உதிரப்போக்கும் தொடங்கும். (இது வயிற்றுப்புண்ணுக்காக வந்த மருந்து என்பது சுவாரசியம்.) இந்தியாவில் இரண்டும் சேர்ந்த பேக், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 63 நாள் வரைக்கும்தான். டாக்டர் சீட்டு கட்டாயம்.

போடியிலிருந்து விடிகாலை ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள், இரண்டாவது மருந்து எடுக்கும் நாளில் கூலியைப் பார்க்காமல் வீட்டில் இருப்பதே நல்லது. மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தால் உடனே ஆஸ்பத்திரி போகவேண்டும். தோட்டத்தில் இருந்தால் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித்தான் போடிக்கு வர முடியும்.

கடும் ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். காப்பர்-டி இருந்தால் முதலில் அதை எடுக்கவேண்டும். கரு, கருக்குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதற்காகவும்தான். இரண்டு வாரத்தில் மறுபரிசோதனைக்கும் போகவேண்டும்.

கணவர் கையெழுத்து? 18 வயது நிரம்பியவருக்குத் தேவையே இல்லை. 1971 கருக்கலைப்புச் சட்டம் கேட்பது அந்தப் பெண்ணின் சம்மதத்தை மட்டுமே.